இரண்டு கேமராக்களும் பார்வதியக்கா வீட்டுச் சுவரும்

புதுக் கேமராவோடு நான் போன முதல் வேலையிலேயே ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கவேண்டிய சுவர் கிடைக்காமல் போனது. கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. படங்கள் மிக நன்றாக வந்திருந்தன. அதுதான் கோளாறு.

ரஹாங் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம், கோயில் திருவிழா, பாஸ்போர்ட் படம் என்று எல்லாம் எடுத்தாயிற்று. கேமரா வாங்கப்போகும் பிள்ளைகள் கடைக்கு வந்து, "ஆண்டி, பழைய மாடல செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா, இல்ல புதுசுக்கே போயிடலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் என்னிடம் இருப்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். இணையத்தில் இதையே மணிக்கணக்காக ஒப்பிட்டுப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் தோட்டத்து வீட்டின் பின்னறையில் நின்று எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

1. அத்தையும் மருமகளும்

இரண்டும் ஒரே குடும்பம். பழசு அத்தை, புதுசு வீட்டுக்கு வந்த மருமகள். இரண்டுமே கைப்பையில் அடங்கும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார், கழுத்தில் மாட்டித் திரியும் பெரிய கேமராக்களில் இருக்கும் அதே தபால்தலை அளவு. கைப்பேசியில் இருப்பது சுண்டுவிரல் நகம்கூடத் தேறாது. லென்ஸைக் கழற்ற முடியாது, ஸூமும் கிடையாது. கிட்டத்தில் வேண்டுமென்றால் நாம்தான் நடக்கவேண்டும்.

அத்தைக்கு ஃபோகஸ் பிடிக்கப் பொறுமை வேண்டும். பிறந்தநாள் பிள்ளை மெழுகுவத்தியை ஊதும்போது அமுக்கினால், கேக் ஊட்டும் படம் கிடைக்கும். வெளிச்சம் குறைந்து ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வை ஏற்றினால் ரவையைத் தூவியதுபோல் புள்ளி விழும். இருட்டான அறையில் ஒரு சன்னல் இருந்தால், சன்னல் வெள்ளைத்தாள், மற்றதெல்லாம் கரி.

மருமகளுக்கு எல்லாம் தெரியும். கண்ணைத் தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்வாள். கை நடுங்கினாலும் படம் நடுங்காது. இருட்டைக் கண்டால் தானாகவே நிழலைத் தூக்கிவிடுவாள். பெட்டியைப் பிரித்த அன்று கடை மேசைக்கு அடியில் ஒரு படம் எடுத்தேன். காணாமல் போன என் தோட்டுத் திருகாணி அதில் தெரிந்தது. இனி அத்தைக்கு அலமாரிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

2. படம் எடுக்க ஆள் வருகிறது

ரெம்பாவ் ஊரிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பார்வதியக்கா இருக்கிறார். உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அவர் கணவர் முனியாண்டி அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கழிவறை பக்கத்தில் இருப்பதால் பின்னறையில்தான் படுக்கை. அந்த அறையின் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து உள்பக்கம் சாய்ந்திருந்தது. கூரைத் தகடும் உடைந்திருந்தது. வருடக் கடைசி மழை தொடங்குவதற்குள் தோட்ட நிர்வாகம் அந்தச் சுவரை இடித்துக் கட்டித்தர வேண்டும். இல்லாவிட்டால் அது அவர் மேல் விழும்.

ஆபீசில் படம் கேட்டார்கள். அக்கா கைப்பேசியில் எடுத்து அனுப்பினார். ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, பாப்பா கல்யாணத்துக்கு எடுத்தியே, அந்த மாதிரி பளிச்சுன்னு எடுத்துக் குடு. இருட்டா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"நான் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கேன்க்கா. இருட்டுங்கிற பேச்சே இருக்காது," என்றேன். வம்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் வாய் எனக்கு.

போய் இறங்கினால் அக்கா பட்டுச் சேலையில் நிற்கிறார். வீடு கழுவி விட்டிருந்தது. சுவரில் படர்ந்திருந்த கரும்பூசணத்தைப் பிளீச் ஊற்றித் தேய்த்திருந்தார். அண்ணனுக்குப் புதுச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு. பிளவின் மேல் தீபாவளிக்கு வாங்கிய பூப்போட்ட திரைச்சீலை தொங்கியது.

"அக்கா, நான் எடுக்க வந்ததே அந்தப் பொளவைத்தான்."

"படம் எடுக்க ஆள் வருதுன்னா வீட்டை அப்படியேவா போட்டு வைக்கிறது? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

கெஞ்சியதில் திரைச்சீலையைப் பாதி ஒதுக்கினார். முழுதும் கழற்றச் சம்மதிக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். மருமகள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை.

அவள் பார்த்துக்கொண்டாள். அந்த அறைக்குள் எனக்கே கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. படத்திலோ காலை வெயில் அடித்ததுபோல் இருந்தது. கழுவிய தரை மின்னியது. அண்ணன் கண் இமைகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது அக்கா சேலை முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

"என் வீடா இது? தங்கச்சி, எனக்கு ஒண்ணு பிரேம் போட்டுக் குடேன்."

3. எந்த ஹோம்ஸ்டே?

படங்களைத் தோட்ட ஆபீசுக்கு நானே கொண்டுபோனேன். மேனேஜர் நம் தமிழ்ப் பிள்ளைதான், வயது முப்பதுக்குள் இருக்கும். கெட்டவன் இல்லை. படங்களை வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தான்.

"ஆண்டி, இது எந்த ஹோம்ஸ்டே? பி.டி. பீச் பக்கமா?"

"தம்பி, இது உங்க தோட்டம். பார்வதியக்கா வீடு."

"சும்மா சொல்லாதீங்க லா." மறுபடியும் பார்த்தான். "கிராக் எங்க?"

காட்டினேன். திரைச்சீலையின் ஓரத்தில் மெல்லிய கோடாக இருந்தது. உள்ளே கை நுழையும் பிளவு, படத்தில் பென்சிலால் கிழித்தது மாதிரி. நிழல் இருந்தால்தான் பிளவுக்கு ஆழம் தெரியும். நிழலைத்தான் மருமகள் தூக்கிவிட்டாளே.

"ஆண்டி, நான் நம்புறேன். ஆனா இத மேல எச்.கியூ. ஆபீசுக்கு அனுப்பினா, 'இவ்ளோ நல்ல வீட்டுக்கு ரிப்பேரா'ன்னு என்னையத்தான் கேப்பாங்க. முடியாது லா. படம் மட்டும் சூப்பர். சாஃப்ட் காப்பி குடுங்க, ஃபைல்ல வைக்கிறேன்."

பாராட்டு என்று நினைத்து அனுப்பிவைத்தேன். முப்பது வருடமாக வாடிக்கையாளர் பாராட்டுக்குப் பழகிய புத்தி. கொட்டிக்கொண்ட பிறகுதான் சூடு தெரியும்.

4. அலமாரியிலிருந்து அத்தை

மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. முதல் நாள் மழையிலேயே கூரைத் தகட்டுத் துண்டு ஒன்று அண்ணன் கால்மாட்டில் விழுந்தது. கால்மாட்டில் விழுந்ததால் நாம் இன்று இதைச் சிரித்துப் பேச முடிகிறது. அக்கா போனில் அழவில்லை. "படம் நல்லா இருந்திச்சே தங்கச்சி, ஏன் ஒத்துக்கல?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

அத்தையை எடுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். வருகிறேன் என்று சொல்லாமல் மழையோடு போய் இறங்கினேன். சொன்னால் கழுவிவிடுவார்.

வாசலில் என்னைக் கண்டதும் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. உள்ளே வாளி, பேசின், பழைய மில்க் டின் எல்லாம் தண்ணீர் ஏந்திக்கொண்டிருந்தன. அண்ணன் மேல் நீல நெகிழிப் படுதா. சுவரில் பூசணம் திரும்பிவந்திருந்தது.

"இப்படிப் போய் எடுக்கிறியே. மானம் போயிடும். நாளைக்கு வா, கூட்டி வைக்கிறேன்."

"கூட்டினா சுவர் வராதுக்கா."

"நான் அழுக்குப் பொம்பளன்னு ஆபீசு பூரா பேசணுமா?"

நாற்பது வருடம் அந்த வீட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவரிடம், உன் வீட்டை அசிங்கமாகக் காட்டினால்தான் உதவி வரும் என்று எந்த வாயால் சொல்வது? கேமராவைப் பைக்குள் வைக்கப் போனேன்.

நோய் வந்த பிறகு அண்ணன் பேசுவது அபூர்வம். படுதாவுக்குள்ளிருந்து நாக்கு குழற, "எடுக்கட்டும்," என்றார்.

அக்கா திரும்பி நின்றுகொண்டார். நான் எடுத்தேன். அத்தை வழக்கப்படி ஃபோகஸுக்குத் தடுமாறினாள். சன்னல் வெள்ளையாக வெந்துபோனது. அறை கரியானது. அந்தக் கரியில் பிளவு ஒரு குழிபோல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ரவைப் புள்ளி வேறு சேர்ந்து, சுவரே உதிர்வதுபோல் இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த அறை நேரில் அவ்வளவு இருட்டில்லை. புதுசு காட்டியதுபோல் அவ்வளவு வெளிச்சமும் இல்லை. இரண்டுமே பொய்தான் சொல்கின்றன, ஒவ்வொன்றும் தன் குணத்துக்கு ஏற்ற பொய். மெகாபிக்சலைப் பற்றிப் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை. பார்க்கப்போவது யார், அவர் கையில் என்ன முடிவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கேமராவைத் தொடவேண்டும். நான் கற்றது இவ்வளவுதான்.

மேனேஜர் தம்பி இந்தப் படங்களைக் கையிலெடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"இது அதே வீடா?"

"அதேதான்."

"ஆள் உள்ளயா இருக்காரு?"

அந்த வாரமே கான்டிராக்டர் வந்தார். அண்ணனைக் கோயில் மண்டபத்தில் படுக்கவைத்துவிட்டுச் சுவரை இடித்தார்கள். கயிறு கட்டி இழுக்கத் தேவைப்படவில்லை. ஒருவர் தள்ளியதும் விழுந்தது.

5. நாள்காட்டி

புது வருடத்தில் கம்பெனி நாள்காட்டி அச்சடித்துத் தோட்டம் முழுதும் கொடுத்தது. மார்ச் மாதத்துப் பக்கத்தில் பார்வதியக்கா வீடு. மின்னும் தரை, பூப்போட்ட திரைச்சீலை, தலை வாரிய முனியாண்டி அண்ணன். கீழே, எங்கள் தொழிலாளர்களின் இனிய இல்லம் என்ற பொருளில் மலாயில் ஒரு வரி. ஃபைலில் வைக்கிறேன் என்றானே, அந்த ஃபைல்தான். என் பெயர் எங்கும் இல்லை. முதல்முறையாக அதற்காகக் கர்த்தரைத் துதித்தேன்.

அக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை. புதுச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டியிருக்கிறார். மார்ச் முடிந்தும் தாளைத் திருப்பவில்லை.

பக்கத்து வீட்டு லெட்சுமிக்கும் சுவர் பிளந்திருந்தது. ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே வயதுச் சுவர். மனுப் போட்டாள். மேனேஜர் தம்பி ஒத்துக்கொண்டு மேலே அனுப்பினான். தோட்டத்து வீடுகள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன, நாள்காட்டியிலேயே பார்த்தோமே என்று எச்.கியூ.விலிருந்து பதில் வந்ததாம். சொல்லும்போது அவனுக்கே வெட்கம்.

போன வாரம் லெட்சுமி போன் செய்தாள். அவளை நான் நேரில் இரண்டொரு தடவைதான் பார்த்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்கு எப்ப வர்றீங்க? அந்தப் பழசையே கொண்டாங்க. ஒரு வாரமா நான் வீடு கூட்டல."