விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

எங்கள் மந்தைவெளி வீட்டின் பின்சுவருக்கும் கால்பந்து மைதானத்தின் கேலரிக்கும் நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. அந்தக் காலத்தில் கோல் விழுந்தால் எங்கள் வீட்டு டம்ளரெல்லாம் அதிருமாம், மாமா சொல்வார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கே விளையாடியது பூனைகள் மட்டும்தான். கம்பி துருவேறி, கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, கேலரி பூட்டியே கிடந்தது. ஒருவழியாக அதை இடித்துவிடுவது என்று முடிவானபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு. அம்மாவுக்கு நைட் டியூட்டி. மூன்றும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தது எங்கள் வீட்டு ராசி.

அம்மா நர்ஸ். காலையில் வேலை முடிந்து வந்து, பெயருக்கு இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, பின்பக்க அறை ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டுப் படுப்பாள். கண் சொருகுகிற நேரத்துக்குச் சரியாக மெஷின் ஆரம்பிக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, ரொம்பப் பதவிசாகத்தான் இடித்தார்கள். சுற்றிலும் வீடுகள் என்பதால் வெடி வைக்கவில்லை, இரும்புக் குண்டால் மோதவில்லை. நீளக் கை வைத்த மெஷின் ஒன்று மேல்படியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தது. தூசி பறக்காமலிருக்க ஒருவர் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கம் முழுக்கப் பச்சை வலை கட்டினார்கள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி அனுப்ப விசிலும் கையுமாக ஒருவர். எல்லாவற்றுக்கும் வலை வைத்திருந்தார்கள், சத்தத்துக்கு மட்டும்தான் இல்லை.

மாமா, அம்மாவின் தம்பி, ஒரு காலத்தில் அந்த மைதானத்தின் கோல்கீப்பர். அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார். அதாவது நாள் பூராவும் எங்கள் மொட்டைமாடியில் நின்று தேடிக்கொண்டிருந்தார். மேட்ச் பார்க்கிற மாதிரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "பல்லு போன தாத்தா முறுக்கு துன்ற மாதிரி கடிச்சிக்கினு கீது. இது முடியறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்பார்.

வேலை தொடங்குவதற்கு முன்பே இன்ஜினீயர் ஒருவர் வீடு வீடாக வந்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் பின்பக்க அறைச் சுவரில் பழைய விரிசல் ஒன்று உண்டு. அதற்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டினார். சுவர் நூலளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடுமாம். உடைந்தால் உடனே சொல்ல வேண்டும், அந்த நிமிஷமே மெஷின் நிற்கும், சுவரைச் சோதித்த பிறகுதான் மறுபடி ஓடும் என்றார். மாமா அதற்குத் தாயத்து என்று பெயர் வைத்தார். தெருவுக்கே அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. மீன் விற்கிற அம்மாகூட, உங்க வீட்டுத் தாயத்து சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவாள். அதைக் காவல் காக்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

அம்மா காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். ஹாலில் படுத்துப் பார்த்தாள். பெசன்ட் நகரில் அத்தை வீட்டுக்குப் போய்ப் படுத்தாள், அங்கே மேல்மாடியில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். டியூட்டியை மாற்றிக் கேட்டதற்கு ஆளில்லை என்றுவிட்டார்கள், லீவும் இல்லை. அப்பா மைதானத்துக்குப் போய், காலை நேரத்தில் மட்டுமாவது நிறுத்த முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். பகலில் மட்டும்தான் இடிக்க அனுமதியாம். ராத்திரியில் இடித்தால் ஜனங்கள் தூங்க முடியாதாம். அப்பா இதைச் சொன்னபோது அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னாள்: "நேத்து ராத்திரி பக்கத்து பெட்டுக்குப் போட வேண்டிய ஊசிய இன்னொரு அம்மாகிட்ட எடுத்துட்டுப் போயிட்டேங்க. கைய புடிச்சி ஸ்பிரிட்டும் தடவிட்டேன். அந்தம்மா முழிச்சிப் பாத்து, எனக்கு ஊசி கெடையாதுன்னாரே டாக்டர்னு கேக்கலன்னா..." அப்பா காபியை ஆற்றிக்கொண்டே நின்றார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. கணக்கு நோட்டில் நானும்தான் மூன்றாம் கணக்குக்கு நான்காம் கணக்கின் விடையை எழுதுகிறேன், அழித்துவிட்டு எழுதினால் தீர்ந்தது.

அன்று மெஷின் எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது. நான் ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தேன். அறைக்குள் டக்கென்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் தாயத்து தூள்தூளாகத் தரையில் கிடக்கிறது. அம்மா சுவர் பக்கத்தில் நிற்கிறாள், கையில் ஆஸ்பத்திரிக்குப் போடுகிற வெள்ளை ஷூ ஒன்று. காலில் கண்ணாடி குத்தாமலிருக்க எடுத்திருக்கிறாள், பாவம், இன்னொன்று கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஷூவின் குதியால்தான் உடைத்தாள் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

"போய் சொல்லுடி, கண்ணாடி உடைஞ்சிடுச்சின்னு" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். விசில் ஊதினார்கள். மெஷின் கடித்த வாயோடு அப்படியே நின்றது. அப்புறம் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே! வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் தி. நகரிலிருந்து பறந்துவந்து, சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்பா சர்ட்டிபிகேட் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார். மாமா டிவியை இறக்கப் போனார். எத்தனையோ வீட்டுக் கண்ணாடி இருக்க, எங்கள் கண்ணாடிதான் வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இன்ஜினீயர் வந்து எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார். அம்மா நகரவில்லை, காவல்காரியானதால் நானும் அவளை ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றேன். விரிசல் நெடுக விரலை ஓட்டினார். தரையில் கிடந்த தூளைப் பார்த்தார். கட்டிலடியில் கிடந்த ஷூவையும் பார்த்தார்.

"சுவர் இழுத்தா கண்ணாடி நடுவுல கோடு விட்டு அப்டியே ஒட்டிக்கினு நிக்கும்மா. இப்டித் தூளாவாது" என்றார்.

அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம், நின்றபடியே லேசாக ஆடினாள். அவர் மறுபடி ஷூவைப் பார்த்துவிட்டு, "நைட் டியூட்டியா சிஸ்டர்?" என்று கேட்டார். அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் வெளியே வந்து, கூடியிருந்தவர்களிடம் சுவருக்கு ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் உடைந்தது உடைந்ததுதானாம், இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மெஷின் ஓடுமாம். பிறகு அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உள்ளே திரும்பிச் சொன்னார்: "அதுக்கப்புறமும் இந்தப் பக்கம் சாயங்காலம்தான் வேலை. காலைல இந்தக் கண்ணாடி தாங்காது."

கண்ணாடிக்கு நேரமெல்லாம் தெரியுமா அங்கிள் என்று நான் கேட்டேன். "இதுக்குத் தெரியும் பாப்பா" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுவர் விழுந்துவிடும் என்று பயந்து அழுகிறாள் என்று நினைத்து, நான் பாத்துக்கறேம்மா, நீ பயப்படாதே என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

இன்ஜினீயர் புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். அம்மா சாப்பிடக்கூட இல்லை, அப்படியே கட்டிலில் சரிந்தாள். நான் ஸ்டூலைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் உடைந்துவிடக்கூடியது அது ஒன்றுதான் என்று எனக்கு நினைப்பு. கட்டில் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.