சல்லடையில் சலித்த மண்

பூவம் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கிறது. இங்கே ஏறிய அம்மாள் என் பக்கத்தில் உட்காருகிறார். மடியில் துணி முடிச்சு. பயிர் கருகுவதால் பரிசோதனைக்காகக் காரைக்கால் விவசாய ஆபீசுக்குக் கொண்டுபோகும் வயல் மண்ணாம். பிரித்துக் காட்டுகிறார். மாவு போல இருக்கிறது.

“எருக்குழிப் பக்கமா எடுத்து, சல்லடையில சலிச்சேன். நம்ம நிலத்தை யாரும் குறை சொல்லிடக் கூடாது பாருங்க.”

“பயிர் எங்கேம்மா கருகுது?”

“கிழக்கு மூலையில. உப்புப் பூத்துக் கிடக்கு.”

“அந்த மண்ணைத்தானே காட்டணும்?”

முகம் வாடுகிறது. முடிச்சைத் தடவிக்கொண்டே யோசிக்கிறார். “அப்ப அதை எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுல போறேன்” என்று இறங்குகிறார்.

“இதை இங்கயே கொட்டிட்டுப் போங்களேன், சுமை எதுக்கு?” என்கிறேன் ஜன்னல் வழியாக.

“ரோட்டுலயா?”

முடிச்சைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கிறார்.