தண்ணீருக்குள் இறங்கிய ஞாயிறு

பிள்ளைகளே, உங்கள் மாமா பிரான்சின் தென்கரையில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். தொலைபேசி எடுத்தால் அங்கே வந்து குடியேறிய வெளிநாட்டுக்காரரின் கதைதான். காலையில் பாய்மரப் படகு, பிறகு நீச்சல், பின்னேரம் மரநிழலில் இரும்புக் குண்டு எறிந்து விளையாடுவார்களாம். "வேலையில்லாமல் இருக்கிறதையே ஒரு வேலையாச் செய்யினம் அத்தான்," என்பார்.

நானும் நாட்டைவிட்டு வந்தவன்தான். ஆனால் பெருங்கடலுக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. குழாயை இறுக்குவேன், சப்பாத்துகளை அடுக்குவேன், திரும்பவும் ஜன்னலடியில் போய் நிற்பேன். கடல் கதையைக் கேட்ட நீங்கள் இருவரும் நீந்தவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால், பூங்காவில் இருந்த நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போனேன்.

காவலுக்கு நின்ற பெண்பிள்ளை பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். மூத்தவளே, நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய்: தம்பி இறங்குவதென்றால் அப்பாவும் கூட இறங்கவேண்டும். கிணற்றடியில் அள்ளிக் குளித்து வளர்ந்த எனக்கு நீந்தத் தெரியாது. என்றாலும் பனியனோடும் அரைக்காற்சட்டையோடும் இறங்கப்போனேன். அவள் கையைக் காட்டி மறித்துவிட்டாள். நீச்சல் உடுப்புத்தான் வேண்டுமாம்.

சின்னவனே, நீ அழவில்லை. கரையில் குந்தியிருந்து என்னையே பார்த்தாய். அந்தக் கிழமை முழுக்க வேலையில் எனக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு நீச்சல் காற்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் வெறும் மேலோடு நின்றபோது கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சின்னவனே, நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாய், "அப்பா, உங்களுக்குப் பயமோ?"

"ஓம்," என்றேன்.

"அப்ப என்னை விட்டுடாதேங்கோ."

விடவில்லை. ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவும் இல்லை. அப்பா லைட் போஸ்ட் மாதிரி நிற்கிறார் என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரே கேள்விதான்: பிள்ளை கைநழுவிப் போனால், தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தேடக்கூடத் தெரியாத நான் என்ன செய்வேன்?

அடுத்த நாள் வேலையால் வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. குளியல் தொட்டியை நிரப்பினேன். முழங்காலில் நின்று, மூச்சை அடக்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கண்ணைத் திறந்தேன்.