மூவரில் இருவர் சொன்னால் சரி

தங்கமாரிக்குக் கண் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அவள் செய்த பாவம் அதுதான்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து 2010இல் பிளஸ் டூ சான்றிதழோடு ஒரகடத்துக்கு வந்தாள். காரின் பிரேக்குக்குள் போகும் உள்ளங்கை அகல இரும்பு பீஸ்களை வார்க்கும் கம்பெனியில் செக்கிங் மேஜை கிடைத்தது. ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புத் தட்டில் போட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை. மற்றவர்கள் தடவிப் பார்த்தும் பிடிபடாத விரிசல் அவளுக்குப் பளிச்சென்று தெரியும். அதற்காக யாரும் மாலை போட்டுவிடவில்லை. நான்கு வருடமாக அவளுக்கு ட்ரெய்னி என்றுதான் பெயர். நாலு வருஷம் ஒருத்தி என்னத்தைத்தான் பயின்றுகொண்டிருப்பாள் என்று கேட்க அங்கே நாதி கிடையாது.

2014 தை மாதம் சூப்பர்வைசர் கோதண்டராமன் மேஜைக்கு வந்து நின்றார். சேரப்பணஞ்சேரிக்காரர், நிலத்தை விற்ற கையோடு இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்.

"மெட்ராஸ் காலேஜிலேர்ந்து ஆராய்ச்சி பண்ற தம்பி ஒருத்தர் வந்துகீறாரு. கேமராவே செக் பண்ற மாதிரி மெஷினுக்குக் கத்துக் குடுக்கப் போறாராம். நீங்க மூணு பேரும் பீஸ் போட்டோவைப் பாத்து ஓகே, ரிஜெக்ட்டுனு அமுக்கினு வரணும். மார்க் நல்லா வாங்கற ரெண்டு பேரை மெஷினாண்ட பர்மனெண்ட்டா போட்றதா மேல பேசிகினு கீறாங்க."

மூன்று பேர் என்றால் தங்கமாரி, வேல்விழி, லூர்தம்மாள். மூவருக்கும் வடக்குப்பட்டில் ஒரே வாடகை அறை, ஒரே குக்கர். பர்மனெண்ட் என்ற சொல் காதில் விழுந்த அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. தங்கமாரிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு தைரியம். கண்ணை வைத்துத்தானே பரீட்சை, நம்மை யார் மிஞ்சிவிட முடியும் என்று நினைத்தாள், பாவி மகள்.

ஆராய்ச்சி செய்ய வந்த கண்ணப்பன் மரியாதை தெரிந்த ஆள். கம்ப்யூட்டர் முன்னால் மூவரையும் உட்காரவைத்து விளக்கினான்.

"ஒரே போட்டோவை நீங்க மூணு பேரும் தனித்தனியா பாப்பீங்க. ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னா அதைத்தான் சரியான விடைன்னு எடுத்துப்போம். அதோட ஒத்துப்போனா மார்க்."

"ரெண்டு பேருக்குத் தெரியாதது ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சா, சார்?" என்று தங்கமாரி கேட்டாள்.

"அப்படி அதிகம் வராதுங்க. வந்தாலும் ஆயிரக்கணக்கான போட்டோவுல அது அடிபட்டுப் போயிடும்."

ஷிப்டு முடிந்தபின் தினம் இருநூறு படம். எட்டு மணி நேரம் விளக்கைப் பார்த்த கண், அதற்குப் பிறகும் திரையைப் பார்த்தால் எரியாமல் என்ன செய்யும்? பத்தாம் நாள், ஈரத்துணியைக் கண்ணில் போட்டுப் படுத்தபடி வேல்விழி சொன்னாள்.

"ஏட்டி, நானும் லூர்துவும் ஒண்ணு பேசிக்கிட்டோம். சந்தேகம் வந்தா ஓகே போட்டுட்டுப் போயிருவோம். நீயும் அப்படியே போடு. மூணு பேருக்கும் மார்க்கு வரும்லா."

"எனக்குச் சந்தேகமே வரலையே. கீறல் தெரியுது."

"தெரிஞ்சா என்ன? ஊரு ஓடுனா ஒத்து ஓடணும்ட்டி."

"பிரேக்குல போற சாமான்ட்டி அது. எவன் உசுரோ."

வேல்விழி கெட்டவள் இல்லை. அவளுக்குத் தூங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தங்கமாரி மறுநாளும் கண்டதைக் கண்டபடியே அமுக்கினாள்.

சித்திரையில் நோட்டீஸ் போர்டில் மார்க் ஒட்டினார்கள். வேல்விழி தொண்ணூற்றேழு, லூர்தம்மாள் தொண்ணூற்றாறு, தங்கமாரி எழுபத்தொன்று. அவள் பெயருக்கு நேரே ‘பிழை அதிகம்’ என்று வேறு எழுதியிருந்தது. தங்கமாரி அதை இரண்டு முறை படித்தாள். அழுதுகொண்டு நிற்காமல் நேராகக் கண்ணப்பனிடம் போனாள்.

"நான் மட்டும் ரிஜெக்ட்னு சொன்ன பீசுல பத்து எடுங்க, சார். சாயம் போட்டுப் பாப்போம்."

விரிசல் இருந்தால் சிவப்புச் சாயம் அதற்குள் இறங்கிக்கொள்ளும். துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தூவினால் கோடாக வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். கோதண்டராமனும் பக்கத்தில் நின்று பார்த்தார். பத்தில் ஒன்பதில் கோடு வந்தது.

"நீங்க சொன்னதுதான் சரிங்க," என்றான் கண்ணப்பன். "ஆனா ஆய்வுக் கட்டுரை அனுப்பியாச்சு. இப்ப விடையை மாத்தினா மூணு மாச வேலையும் வீணாயிடும்."

"உங்க வேலை வீணாப் போகக் கூடாது. என் வேலை போலாமா, சார்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. கோதண்டராமன்தான் பேசினார்.

"இன்னாமா நீ. உன் கண்ணு மாதிரி மெஷினைப் பழக்கினா பாதி ரிஜெக்ட்டாவும். அப்பால லாரில இன்னாத்த ஏத்தறது? மேல ஒத்துக்க மாட்டாங்க, வுடு."

விட்டாள். வேறு என்ன செய்ய? வேல்விழியும் லூர்தம்மாளும் பர்மனெண்ட் ஆனார்கள். நாலு வருடமாக முடியாத தங்கமாரியின் பயிற்சி, மெஷின் வந்த வாரமே முடிந்துபோனது. கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று அறையில் வேல்விழி அவள் முகத்தைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினாள்.

"நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்லா."

கரண்டியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது தங்கமாரிக்கு. தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள்.

இரண்டு மாதம் கம்பெனி கம்பெனியாக அலைந்தாள். ஆடி பிறந்த பிறகு, மணிமங்கலம் போகும் ரோட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் கேமரா வந்துவிட்டிருந்தது. மேனேஜர் அவளைச் சோதிக்க ஒரு பீஸை எடுத்து விளக்கடியில் வைத்தார்.

"இது ஓகேயா, ரிஜெக்ட்டாம்மா?"

ஓரத்தில் இமை முடி அளவுக்கு ஒரு விரிசல். தங்கமாரி அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"உங்க மெஷின் என்ன சொல்லுது, சார்?"

"ஓகேங்குது."

"அப்ப ஓகேதான், சார்."

மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு வந்துவிடச் சொன்னார்.