முட்டை வண்டியின் பட்டையைக் கழற்றியவர்

கீழப்பழுவூர் ஸ்பிரிங் பட்டறை சவரிமுத்து அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்தொன்று. பெரம்பலூர் குடோனில் நான் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி ரெஜினா அம்மா போன் செய்தார். "அவரு போயிட்டாருங்க" என்றார். மறுநாள் ஏலாக்குறிச்சியில் அடக்கம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே லோடு வண்டிகளாகவே நின்றன. அவற்றை ஓட்டி வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சைக்கிளில் முட்டை விற்று மேலே வந்தவன். ஏழு வருடத்துக்கு முன்பு கடன் வாங்கி முதல் லோடு வண்டி எடுத்தேன். அதை நம்பி, அரியலூருக்கு அப்பால் கல் சுரங்கத் தொழிலாளர்களின் மெஸ் ஒன்றுக்கு முட்டை கொடுக்க ஒப்புக்கொண்டேன். வாரம் மூன்று நடை, நடைக்கு நூறு ட்ரே. கடைசி ஆறு கிலோமீட்டர், சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய்க் குழியான மண் ரோடு. முதல் மூன்று நடையிலும் பாதி ட்ரே கூழாகத்தான் இறங்கியது. "திங்கக்கிழமையும் இப்டியே வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்" என்று மெஸ் மேனேஜர் சொல்லிவிட்டார். மெஸ் போனால் வண்டியும் போகும். என் நிலைமை அதுதான்.

மோசமான ரோட்டுக்கு வண்டி விறைப்பாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புது வண்டிக்குப் பூஜை போட்ட கையோடு பின்பக்கம் பாரம் தாங்க அடுக்கியிருக்கும் இரும்பு ஸ்பிரிங் பட்டைகளோடு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவோம். நானும் சேர்த்திருந்தேன். அது போதவில்லை என்று நினைத்து, இன்னொரு பட்டை போடத்தான் சவரிமுத்து அவர்களிடம் போனேன்.

"என்னா ஏத்துறீங்க?"

"முட்டைங்கண்ணே. நூறு ட்ரே."

"மூணு ஆளு வெயிட்டு. அதுக்கு எதுக்குய்யா இத்தனை பட்டை? முட்டைய ஏத்துறீங்களா, ரோடு ரோலர ஏத்துறீங்களா?"

பட்டறையில் இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேறு வழியில்லை. காலி வண்டியில் கை வைக்க மாட்டேன் என்றார். "சரக்கோட வாங்க. காலி வண்டி உங்க கண்ணுக்கு அழகா இருக்கும். ரோட்டுக்கு அத வச்சு என்னா?"

காலியாக நின்றபோதே ரெஜினா அம்மா டேப் பிடித்து, டயருக்கு மேலே மட்கார்டு எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். ஞாயிறு காலை சரக்கோடு போனேன். மறுபடி அளந்தார். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"பாத்தீங்களா, ஸ்பிரிங்கு தூங்குது. அது குலுங்க மாட்டேங்குது, முட்டை குலுங்குது" என்றார் சவரிமுத்து அவர்கள்.

நான் போட்டிருந்த பட்டையைக் கழற்றினார். கம்பெனி போட்டதிலும் பக்கத்துக்கு ஒன்றைக் கழற்றினார். பிறகு வண்டியின் பின்னால் ஏறி, ட்ரேக்களுக்கு நடுவே குந்தினார். ரெஜினா அம்மா, "மாதா கோயில்ல பூசைக்கு மணி அடிச்சாச்சு" என்றார். "முட்டைய முடிச்சிட்டு வரேன், நீ போ" என்று சொல்லிவிட்டு என்னை ஓட்டச் சொன்னார்.

சுரங்க ரோட்டின் முதல் பெரிய குழியில் அடியில் 'டங்' என்றது. "நிறுத்துங்க!" என்ற சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தேன். அவர் சட்டையெல்லாம் மஞ்சள் கரு. "இப்ப ஸ்பிரிங்கு வேலை செய்யுது, நல்லது. ஆனா கீழ போயி முட்டுது. ஏறி வரப்ப தூக்கி அடிக்குது" என்றார். பட்டறைக்குத் திரும்பி, முட்டுகிற இடத்தில் ரப்பர் கட்டை வைத்தார். ஷாக் அப்சர்பர் இரண்டையும் மாற்றினார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். அடுத்த ஓட்டத்தில் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. திங்கட்கிழமை மேனேஜர் ஒவ்வொரு ட்ரேயாகத் தூக்கிப் பார்த்தார். ஐந்து முட்டை உடைந்திருந்தது. மெஸ் என்னிடமே நின்றது.

அடுத்தது நான் செய்த தப்பு. மறைக்க மாட்டேன். வண்டி காலியாகத் திரும்புவது வியாபாரியான எனக்குப் பொறுக்கவில்லை. போன வருடம், வரும் வழியில் சிமெண்ட் மூட்டை ஏற்ற ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் முட்டை மறுபடி உடைந்தது. "சாயங்காலம் நாலு மணிக்குள்ள நல்ல முட்டை வரணும். இல்லன்னா ஒப்பந்தம் முடிஞ்சுது" என்றார் மேனேஜர். நேரே பட்டறைக்குப் போய், "உங்க வேலை சரியில்லண்ணே" என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் வண்டியின் தளத்தில் விரலை ஓட்டி என்னிடம் நீட்டினார். சாம்பல் நிறப் பொடி.

"என்னா முதலாளி, உங்க முட்டை சிமெண்டு போடுதா?"

வரும்போது சிமெண்ட் ஏற்றுவதைச் சொன்னேன்.

"சிமெண்டு வண்டி வேணுமா, முட்டை வண்டி வேணுமா? ஒண்ணு சொல்லுங்க, அதுக்குத் தக்கன பண்ணித்தரேன். ரெண்டும் வேணும்னா இந்த ரோட்டுல என்னால ஆவாது."

சிமெண்டில் வந்த வாடகை நல்ல வாடகை. இருந்தும், முட்டை என்றேன். "அப்ப கூலி ஆயிரத்து எண்ணூறு, பேரம் கெடயாது, வரப்ப காலி வண்டி" என்றார்; சரி என்றேன். சிமெண்டுப் பாரத்தில் ஒடிந்திருந்த பட்டையை மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மாற்றிக்கொடுத்தார். குடோனிலிருந்து வரவழைத்த புதுச் சரக்கை ஏற்றிக்கொண்டு நான் கிளம்பியபோது, கையைக்கூடத் துடைக்காமல் ரோட்டுக்கு வந்து நின்றார். வண்டியின் பின்பக்கம் முதல் குழியில் ஒருமுறை இறங்கி, ஒருமுறை ஏறி, அடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார். மூன்றே முக்காலுக்கு மெஸ்ஸில் இறக்கினேன். இன்றுவரை அந்த மெஸ் என்னுடையது.

போயிட்டு வாங்கண்ணே. அன்று வேலையைத் தொடங்குமுன் நாம் பேசி முடித்த பேச்சில் மாற்றமில்லை: கூலி ஆயிரத்து எண்ணூறு, பேரம் கிடையாது, போகும்போது முட்டை, வரும்போது காலி வண்டி.