தவமணி அண்ணன் தேர்ந்தெடுத்த கனத்த குழல்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை மதுரை பழங்காநத்தத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த இளம் கண்டக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பாட்டுப் பாடுற டீச்சர்தானே நீங்க?"

ஆமாம் என்றேன்.

"தவமணி அண்ணே விடியக்காலம் தவறிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். சாலையைக் கடந்து, அவர் வீட்டுக்குப் போக ஆரப்பாளையம் பஸ்ஸுக்காக எதிர்ப்புறம் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. இரண்டு பஸ்களை விட்டுவிட்டதாகப் பக்கத்திலிருந்த பூக்காரம்மா சொன்ன பிறகுதான் மூன்றாவதில் ஏறினேன்.

டெப்போவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் பாட்டைக் கேட்ட செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தவமணி அண்ணன் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில் டவுன் பஸ் கண்டக்டர். விடுமுறை நாளிலும் திருவிழாக் காலத்திலும் எங்கள் மூன்று பேர் குழுவின் குழல்காரர். வேலு மேளம், நான் பாட்டு. அவர் கையிலிருந்த அந்த நீளமான குழலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது எப்படி அவர் கைக்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அவசரநிலை முடிந்த மறு வருஷம் என் கழுத்தில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் காயம் ஆறி நான் வாய் திறந்தபோது வந்த குரல் என்னுடையதாக இல்லை. முன்பு ஐந்து கட்டையில் பாடுவேன். கட்டை என்பது பாட்டுக்காரர்கள் சுருதியைச் சொல்லும் கணக்கு. எண் குறையக் குறைய ஒலி தாழ்ந்து கனக்கும். இந்தப் புதுக் குரல் எவ்வளவு இழுத்தாலும் மூன்றைத் தாண்டவில்லை. வகுப்பில் பாடம் நடத்துவேன். வீட்டில் தனியாக இருக்கும்போதுகூடப் பாட மாட்டேன்.

நான்கு மாதம் கழித்து அண்ணனும் வேலுவும் வீட்டுக்கு வந்தார்கள். வேறு பாடகியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வேலு தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"எறங்குன குரல எதுக்கு டீச்சர் இழுத்து இழுத்து ஏத்துறீங்க?"

"வேற என்னண்ணே செய்யிறது?"

"நம்ம குழல எறக்கிருவோம்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஆறுதல் தொனியே இல்லை. டயரை மாற்ற வேண்டும் என்று டிரைவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் ஒரு பாயின் கடைக்கு அழைத்துப் போனார். என் கணவரும் வந்தார். பாய் மூங்கில் குழல்களும் செய்வார். பரண்மேல் இருந்து ஒரு சாக்குக் கட்டை இறக்கினார். எல்லாம் முழங்கையைவிட நீளமான குழல்கள். வாங்க ஆளில்லாமல் கிடந்தவை.

"டீச்சருக்குக் குரல் கனத்துப் போச்சு பாய். அதுக்குத் தோதா ஒண்ணு வேணும்" என்றார் அண்ணன்.

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. வெளியே போய்விடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் முதல் குழலை வாயில் வைத்துவிட்டார்.

ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தார். ஒன்றில் காற்று அதிகம் கசிந்தது. ஒன்றில் நுனியில் மயிரிழை விரிசல். நாலாவதாக எடுத்த கறுத்த குழல் ஒன்றரைக் கட்டை. அதன் ஒலி கடையை நிறைத்தது. ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பாயின் கை நின்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் ஊதினார். அவருக்கு அது பிடித்துப் போனது யாருக்கும் தெரிந்திருக்கும்.

"பாடுங்க டீச்சர்" என்றார்.

நாலு மாதத்துக்குப் பிறகு பிறர் முன்னால் வாய் திறந்தேன். ஒரு தாலாட்டின் முதல் அடியில் பாதிகூட ஒழுங்காக வரவில்லை. அந்தச் சுருதிக்கு என் குரல் அடியில் போய் மண்ணைத் தொட்டது. அவர் கறுத்த குழலைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். இரண்டரைக் கட்டை. மஞ்சளாக, கணுவருகில் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஒலியில் ஒரு கரகரப்பு. ஆனால் அதன் கூடப் பாடியபோது குரல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. முழுப் பாட்டையும் பாடி முடித்தேன்.

"கறுப்புதான் நயமான சரக்கு தம்பி. யோசிச்சுக்கங்க" என்றார் பாய்.

"நயந்தான் பாய். டீச்சருக்கு இதுதான் சேருது."

புறப்படும்போது அந்தக் கறுத்த குழலை ஒரு முறை தடவி வைத்தார். நான் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குழல் வந்துவிட்டதே தவிர, கடையில் சுருதி மட்டும் பிடித்தவரால் அதில் பாட்டு வாசிக்க முடியவில்லை. துளைகள் தள்ளித் தள்ளி இருந்தன. நாற்பது வயதில் விரல்கள் அவ்வளவு அகலமாக விரியவில்லை. வலது மோதிர விரல் எட்டாமல் நழுவும். பஸ்ஸில் கூட்டம் குறைந்ததும் கம்பியைப் பிடித்தபடி விரல்களை விரித்து விரித்துப் பழகினார். "அண்ணே என்னண்ணே, கம்பிய அளக்குறீங்க?" என்று டிரைவர்கள் கேலி செய்தார்களாம். அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா என்னிடம் சொன்னார்: "அடுப்பூதுற குழலக் கொண்டாந்து வச்சிக்கிட்டு அம்புட்டு நேரமும் உஸ்ஸு உஸ்ஸுங்கறாரு. அடுப்ப ஊதுனாலாவது சோறு வெந்திருக்கும்."

இரண்டு மாதத்தில் விரல் பணிந்தது. அடுத்த சிக்கல் மேளம். கனத்த குழலின் ஒலியை வேலுவின் அடி விழுங்கிவிட்டது.

"குழல் கேக்கணும்னா நான் மேளத்த மூட்டை கட்டிரவா?" என்று வேலு கோபித்துக்கொண்டார்.

"மூட்டை கட்ட வேணாம் மாப்ள. ஒரு துண்டப் போட்டு மூடு."

வேலு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே மேளத்தின் ஒரு பக்கம் துணியைச் சுற்றி, குச்சியை வைத்துவிட்டு, விரலால் வாசிக்கத் தொடங்கினார்.

பங்குனிப் பொங்கலுக்குச் செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊரில் கூப்பிட்டிருந்தார்கள். என் பழைய குரலை நினைத்துக் கூப்பிட்டவர்கள். சாயங்காலம் மேடை ஏறினோம். முதல் பாட்டு முடிவதற்குள் முன்வரிசையில் ஒருவர், "என்னய்யா, ஆம்பளை பாடுற மாதிரி இருக்கு" என்றார். சிரிப்பு எழுந்தது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த பாட்டுக்கு, நாற்று நடும் பாட்டுக்கு, சுருதியை ஊதினார்.

பாடினேன். இரண்டாம் அடியில், கூட்டத்தின் பின்னால் நின்ற பெண்கள் முன்னால் வருவது தெரிந்தது. வயலில் நடவு வேலை பார்க்கிறவர்கள். மூன்றாம் அடியை அவர்களும் சேர்ந்து பாடினார்கள். முன்பு ஐந்து கட்டையில் நான் பாடியபோது எவரும் கூடச் சேர்ந்து பாடியதில்லை; கேட்டுவிட்டுக் கை தட்டுவார்கள், அவ்வளவுதான். இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டு என்று ஏழு பாட்டு ஆயிற்று.

இறங்கியதும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க பாடுறது இந்தக் குரல்லதேன் தாயி. குனிஞ்சு நிக்கையில மேல எங்கிட்டுப் போகும் குரலு? மேடையில பாடுறவுகதேன் கீச்சுன்னு பாடுவாக."

திரும்பும் பஸ்ஸில் இதை அண்ணனிடம் சொன்னேன். "பாத்தீங்களா, நமக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். என் குரல் திரும்பியதைவிட இந்தச் செய்திதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம் நாங்கள் அந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் பாடினோம்.

ஒரு முறை கேட்டேன், அந்தக் கறுத்த குழல்தானே அண்ணே உங்களுக்குப் பிடித்தது என்று.

"அன்னைக்கு அதுதான் டீச்சர். பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "இப்ப இதுதான். தெனமும் ஊதுனா எது பிடிக்கணுமோ அது பிடிச்சிரும்."

பதினாறாம் நாள் முடிந்ததும் பேச்சியம்மாள் அக்கா குழலை ராமரிடம் கொடுத்தார். ராமர் டெப்போவில் மெக்கானிக். கடைசி இரண்டு வருஷமாக அண்ணனோடு உட்கார்ந்து ஊதிப் பழகியவர். "சும்மா வச்சிருந்தா பூச்சி அரிக்கும். ஊதுங்க" என்றார் அக்கா. அழவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்று உண்டு. பாட்டுத் தொடங்கும் முன் அடிச் சுரத்தை ஊதிவிட்டு அவர் காத்திருப்பார். கண்ணைக் காட்ட மாட்டார், தலையை அசைக்க மாட்டார். எனக்கு மூச்சு நிலைப்பட எவ்வளவு நேரம் ஆனாலும் அந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார். வேறு யாரும் என்னை அப்படி அவசரப்படுத்தாமல் விட்டதில்லை.

போன ஞாயிறு ராமரும் வேலுவும் நானும் உட்கார்ந்தோம். ராமர் ஊதினார். காற்று மட்டும் வந்தது. மறுபடி ஊதினார், விரல் நழுவியது.

"எனக்கு வராது டீச்சர். வேற ஆளப் பாருங்க."

"மெதுவா வாங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றேன்.

வேலு மேளத்தின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தார். தெருவில் ஒரு லாரி கடந்து போனது. ராமர் விரல்களைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை எடுத்தார். அடிச் சுரம் லேசாக நடுங்கி, பிறகு ஆடாமல் நிலைத்தது. நான் பாடத் தொடங்கினேன்.