ஆறு குழாய் உரலும் திங்கட்கிழமை ரயிலும்

பாரிசில் அந்தச் சாப்பாட்டுக்கடைக் குசினியை நிமிர்த்தினவன் நான். மூலையில் கிடந்த ஆவியடுப்பை ஜன்னலோரம் கொண்டுவந்தவன் நான். ஒரே அமத்தலில் ஆறு இடியப்பம் பிழிகிற உரலை யோசிச்சதும், கடதாசியில் கீறினதும், லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கத்து இரும்புப் பட்டறையில் நின்று செய்விச்சதும் நான்தான். படிப்பு எட்டாம் வகுப்பு. பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது.

லண்டன் வாட்டர்லூ ஸ்டேசனிலிருந்து கடலுக்கடிச் சுரங்கத்தால் பாரிசுக்கு ரயில் ஓடின காலம். திங்கள் விடியப் போவேன், வெள்ளி திரும்புவேன். அங்கே என்னை "லண்டன்காரர்" என்பார்கள். இங்கே வீட்டில் மனுசி, "பாரிஸ்காரர் வாறார், வழி விடுங்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவா.

ஸ்டேசனில் கிழமைதோறும் அதே பொலிஸ்காரன், அதே கேள்வி. எதற்குப் போகிறாய்? வேலைக்கு. லண்டனில் வேலை இல்லையா? சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போச்சு.

உரல் கொண்டுபோன திங்கள், பையைப் படம்பிடிக்கிற மெசினில் ஆறு இரும்புக் குழாய் தெரிஞ்சுது. நாலு பேர் சூழ்ந்து நின்றார்கள். சாப்பாட்டுச் சாமான் என்றேன். செய்து காட்டு என்றான் அதே பொலிஸ்காரன். வெறும் உரலை அமத்திக் காட்டினேன். ஒன்றும் வரவில்லையே என்றான்.

"மா போட்டால்தான் வரும், ராசா" என்று தமிழிலேயே சொன்னேன்.

ரயில் போய்விட்டது. பாரிசிலிருந்து கடை முதலாளி போன் எடுத்தார்.

"அண்ணை, கலியாண ஓடர் நிக்குது. எங்கை நிக்கிறியள்?"

"இன்னும் லண்டனிலைதான்."

"அப்ப இண்டைக்கு லீவோ?"

உரலைத் தூக்கி எறிவோமா என்று வந்தது. எறியவில்லை. அடுத்த ரயிலில் போய், உடுப்பும் மாற்றாமல் பிழிந்தேன். ஓடர் நேரத்துக்குப் போனது. அன்றிலிருந்து அந்தக் கடை இடியப்பத்துக்குப் பேர்போனது.

பிறகு கடைக்கு ஆண்டு மலர் அடித்தார்கள். நடுப்பக்கத்தில் முதலாளி என் உரலைப் பிடிச்சபடி சிரிக்கிறார். கீழே, "எமது சொந்தத் தயாரிப்பு". குசினி கழுவினவர் வரைக்கும் பேர் இருக்கு. என் பேர் இல்லை.

முதலாளியைக் கேட்டேன்.

"நீங்கள் லண்டன் ஆள்தானே அண்ணை, இது பாரிஸ் மலர்" என்றார்.

அப்ப திங்கள்தோறும் கடலுக்கடியால் போனது ஆர்? அந்த உரல் ஆருடையது என்று வாட்டர்லூப் பொலிஸ்காரனுக்கே தெரியும். மலர் அடிக்கிறவர்களே, அடுத்த மலரில் அந்தப் படத்துக்குக் கீழே என் பேரைப் போடுங்கோ. முழுப் பேராய், படத்திலிருக்கிறவரின் பேருக்கு மேலே.